நோயாளியைக் குடும்பம் தாங்குகிறது, குடும்பத்தை யார் தாங்குவது?

விடியற்காலை ஐந்து மணிக்கு ஓசூர் பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஒரு பக்கம் சிப்காட் தொழிற்சாலைகளின் கம்பெனிப் பேருந்துகள் முதல் ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்படுகின்றன. இன்னொரு பக்கம் பெங்களூரு பேருந்தில் ஒரு தாய், தலையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, சன்னலோரம் அமர்ந்திருக்கிறார். பக்கத்தில் மகனோ மகளோ. மடியில் ஒரு துணிப்பை. அதில் ஸ்கேன் படங்கள், இரத்தப் பரிசோதனைத் தாள்கள், டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், வழியில் வாந்தி வந்தால் பிடிக்க இரண்டு மூன்று பிளாஸ்டிக் கவர்கள். அந்தப் பையைப் பார்த்தாலே போதும், அவர்கள் எங்கே போகிறார்கள் என்பது பழகிய நடத்துனருக்குத் தெரிந்துவிடும்.

நம் ஊரின் பெயரைத் தாங்கிய அந்த ஓசூர் சாலையே அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் பொம்மசந்திராவில் பெரிய தனியார் புற்றுநோய் மையம். இன்னும் உள்ளே போனால், கத்தோலிக்க ஆயர் பேரவை 1963இல் தொடங்கிய புனித யோவான் மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும். அதையும் கடந்தால், ஏழைகள் அதிகம் நாடிச் செல்லும் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை. 1973இல் தொடங்கப்பட்ட இந்த அரசு நிறுவனத்துக்குக் கர்நாடகத்தார் மட்டுமல்ல, கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் மக்களும் போகிறார்கள். கிருஷ்ணகிரிக்கு 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது உண்மையிலேயே பெரிய ஆறுதல். ஆனாலும் 'கட்டி' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மக்களின் கால்கள் பெங்களூரு பக்கமே திரும்புகின்றன.

2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 14 இலட்சத்துக்கும் அதிகமானோருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டிருக்கும் என்பது மருத்துவ ஆய்வாளர்களின் கணிப்பு. 14 இலட்சம் நோயாளிகள் என்றுதான் செய்திகள் சொல்கின்றன. 14 இலட்சம் குடும்பங்கள் என்று யாரும் சொல்வதில்லை. நாம் இங்கே பேச விரும்புவது அந்தக் குடும்பங்களைப் பற்றி.

மருத்துவர் சிகிச்சை தருகிறார். ஆனால் சிகிச்சையின் பெரும்பகுதி வீட்டில்தான் நடக்கிறது. மக்கள் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் கதிர்வீச்சை எடுத்துக்கொள்வோம். இயந்திரத்தின் கீழே படுத்திருப்பது சில நிமிடங்கள்தான். ஆனால் வாரத்தில் ஐந்து நாள், ஐந்து ஆறு வாரங்கள் விடாமல் போய்வர வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து என்றால் போக வர ஏறக்குறைய 180 கிலோமீட்டர். தளி, அஞ்செட்டி மலையோரக் கிராமங்களிலிருந்து என்றால் முதலில் தேன்கனிக்கோட்டைக்கு வந்து சேர்வதே ஒரு பயணம். சில நிமிடச் சிகிச்சைக்கு ஒரு முழுநாள் போய்விடுகிறது. அது நோயாளியின் நாள் மட்டுமல்ல, கூடப் போகிறவரின் நாளும்தான்.

கீமோ ஊசி பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை. ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உண்மையான கவனிப்பு அதன்பிறகுதான் தேவைப்படுகிறது. ஒன்றிரண்டு வாரங்களில் இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் குறையும். அந்த நாள்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், பாரசிட்டமால் கொடுத்துக் காலைவரை காத்திருக்கக் கூடாது. அந்த இரவே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இதைக் கவனிப்பது யார்? பத்தாம் வகுப்புப் படித்த மருமகள். வாய்ப்புண்ணுக்கு ஏற்றபடி காரமில்லாமல் கஞ்சியைக் குழைப்பவர், மாத்திரைகளைக் காலைக்கு, இரவுக்கு எனப் பிரித்து வைப்பவர், பிறகு நள்ளிரவில் ஆட்டோவுக்குப் போன் செய்பவர் எல்லாம் அவர்தான். எந்த நர்சிங் பள்ளியிலும் அவர் படிக்கவில்லை. யாரும் அவருக்குச் சம்பளம் தருவதில்லை. அவர் எப்போது தூங்கினார் என்று கேட்பவர்களும் குறைவு.

தமிழகத்தில் புற்றுநோய்க்கென ஒரு மருத்துவமனை எழுந்ததே ஒரு குடும்பத்தின் துயரத்திலிருந்துதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். மருத்துவராக இருந்தும் காப்பாற்ற முடியாத அந்த வேதனையை அவர் மறக்கவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1954இல், பன்னிரண்டு படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது.

உலகின் மறுபக்கத்திலும் இதே கதைதான். அமெரிக்காவில் வாழும் இலத்தீன் அமெரிக்க வழிவந்த மக்கள், அதாவது மெக்சிகோ, புவேர்ட்டோ ரிக்கோ போன்ற இடங்களின் வேர் கொண்டவர்கள், குடும்பப் பிணைப்பை 'ஃபமிலிஸ்மோ' என்று அழைக்கிறார்கள். தனிமனிதனைவிடக் குடும்பம் பெரிது என்னும் மனப்பாங்கு அது. அந்த மக்களிடையே புற்றுநோயாளிகளைப் பற்றி ஆய்வு செய்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது, குடும்பத்தின் துணையே அவர்களுடைய முதல் மருந்து என்பதைத்தான். கூடவே வேறொன்றையும் கண்டார்கள். குடும்பத்துக்குப் பாரமாகிவிடுவோமோ என்று நோயாளி தம் வலியை மறைக்கிறார். நோயாளி மனம் உடைந்துவிடுவாரோ என்று குடும்பம் நோயை மறைக்கிறது. இதைப் படிக்கும்போது நம் ஊரைப் பற்றி எழுதியது போலவே இருக்கிறது, இல்லையா?

மொழிச் சிக்கலும் அப்படித்தான். ஆங்கிலம் தெரியாத தாய்க்கும் மருத்துவருக்கும் இடையே பள்ளிக்கூடம் போகும் பிள்ளை மொழிபெயர்ப்பாளராக நிற்பது அங்கே வழக்கமாக இருந்தது. அவசர நிலை தவிர, சிறுபிள்ளைகளை இப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று அந்நாட்டு அரசு 2016இல் விதி செய்தது. நம் எல்லைப் பகுதியில் வீட்டுக்குள் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகின்றன. ஆனாலும் மருத்துவமனைக் கன்னடமும் மருத்துவரின் ஆங்கிலமும் வேறு. பெங்களூருவில் ஒரு மருத்துவமனை வராந்தாவில் நாம் பார்த்த ஒரு சிறுமிக்குப் பதின்மூன்று வயதுக்கு மேல் இருக்காது. மருத்துவர் நீண்ட நேரம் பேசினார். சிறுமி தலையாட்டிக் கேட்டாள். பிறகு அம்மாவிடம் திரும்பி, "ஒண்ணுமில்லம்மா, மாத்திரை சாப்பிட்டா சரியாயிடுமாம்" என்றாள். அவள் கேட்டது என்ன, சொன்னது என்ன என்பது நமக்குத் தெரியாது. ஆனால் அவள் முகம் அம்மாவிடம் சொன்ன பதிலைப் போல இல்லை.

இந்த மறைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

நம் குடும்பங்களில் நோயின் பெயர் பெரும்பாலும் நோயாளியிடம் சொல்லப்படுவதில்லை. மகனை மருத்துவர் தனியே அழைத்துச் சொல்கிறார். மகன் வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'அல்சர்' என்கிறார், 'கட்டி' என்கிறார், 'இரத்தம் குறைவு' என்கிறார். இதைப் பொய் என்று எளிதாகக் கண்டித்துவிட முடியாது. அதற்குப் பின்னால் இருப்பது அன்பும் பயமும்தான். "அப்பாவுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே போயிடுவாரு" என்ற சொல்லை எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம்!

ஆனால் அப்பாவுக்குத் தெரியாதா? தலைமுடி உதிர்கிறது. வார்டில் சுற்றிலும் இருப்பவர்கள் எல்லாம் என்ன நோயாளிகள் என்று தெரிகிறது. மருத்துவமனையின் பெயரே வாசலில் எழுதியிருக்கிறது. பெரும்பாலானவர்கள் ஊகித்துவிடுகிறார்கள். பிள்ளைகள் வருந்துவார்களே என்று அவர்களும் தெரியாதவர் போல இருக்கிறார்கள். ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ், இருவரும் ஒருவருக்கொருவர் நடிக்கிறார்கள். நோயைவிட இந்தத் தனிமை கொடியது என்று சொன்னவர்கள் உண்டு.

இதனால் நடைமுறைத் தீங்குகளும் விளைகின்றன. 'சாதாரணக் கட்டி' என்று நம்பிய பெண், இரண்டு ஊசியில் கட்டி சுருங்கியதும், "இனி எதுக்கு செலவு?" என்று சிகிச்சையை நிறுத்திவிடுகிறார். நிலத்தை யார் பெயருக்கு எழுதுவது, வங்கிக் கணக்கில் யாரை வாரிசாகப் போடுவது, பல ஆண்டுகளாகப் பேசாமல் இருக்கும் தம்பியை அழைத்துப் பேசுவதா என்பதையெல்லாம் முடிவு செய்ய வேண்டியவருக்கு, காலம் எவ்வளவு இருக்கிறது என்றே தெரியாது. தம் வாழ்வைப் பற்றிய முடிவுகளில் அவருக்கு மட்டும் இடமில்லை.

அப்படியானால் முகத்துக்கு நேரே எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட வேண்டுமா? வேண்டாம். கெட்ட செய்தியைச் சொல்வதற்கென மருத்துவர்களுக்கு வகுக்கப்பட்டுள்ள முறைகளில் ஒரு படி, சொல்வதற்கு முன் கேட்பது. "உங்கள் நோயைப் பற்றி நீங்கள் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்? உங்களிடம் சொல்லவா, மகனிடம் சொல்லவா?" சிலர் "எல்லாம் மகனுக்குத் தெரிந்தால் போதும்" என்பார்கள். அதுவும் அவர்களுடைய உரிமை. கேட்காமலே முடிவு செய்வதுதான் தவறு.

திருச்சபையும் இந்த மறைப்புக்குள் சிக்கிக்கொண்டிருக்கிறது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். 'அவஸ்தைப் பூசுதல்' என்று நம் தாத்தா பாட்டிகள் சொன்ன அருள்சாதனம், சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டும் உரியதல்ல என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாக்கியது. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதன் சடங்குமுறையைப் புதுப்பித்தார். இன்று அதன் பெயர் நோயில்பூசுதல். அறுவைச் சிகிச்சைக்குப் போகும் முன்பே பெறலாம். ஆனால் எலத்தகிரியானாலும் ஓசூர் நகரமானாலும், "சாமியாரைக் கூப்பிட்டா அம்மா பயந்துடுவாங்க" என்று கடைசி மணி நேரம்வரை தள்ளிப்போடும் குடும்பங்கள் இன்னும் உண்டு. அருள்தந்தை வாசலில் வந்து நின்றால் இரகசியம் உடைந்துவிடும் என்பதே காரணம். நோயாளி நினைவிழந்த பிறகுதான் தொலைபேசி வருகிறது. தைரியம் தர வேண்டிய அருள்சாதனம் மரண அறிவிப்பாகிவிட்டதே!

இனி தாங்குபவர்களுக்கு வருவோம். முன்பு கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் மருத்துவமனைக்குப் போனால், ஒருவர் சமைப்பார், ஒருவர் மாட்டைப் பார்ப்பார். இன்று ஓசூரைச் சுற்றி வாடகை வீடுகளில் வாழும் குடும்பங்கள் திருவண்ணாமலை, சேலம், மதுரை என்று எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்தவை. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். இவர்களில் ஒருவர் படுத்தால் மீதி இருப்பது ஒருவர்தான். விடுதிகளில் தங்கி மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் இளம்பெண்களைப் பாருங்கள். சார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகளும் அவர்களில் உண்டு. ஊரில் தாய்க்கு நோய் என்றால், அவர்கள் அனுப்பும் பணம்தான் தாயின் மருந்து. அதனால் அருகில் போயிருக்கவும் முடியாது.

ஈ.எஸ்.ஐ. திட்டத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அதில் பதிவு பெற்ற தொழிலாளிக்குப் புற்றுநோய் வந்தால், நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 80 விழுக்காடு, இரண்டு ஆண்டுகள்வரை கிடைக்க வழியுண்டு. அவரைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கும் மருத்துவ வசதி உண்டு என்பது பலருக்குத் தெரியாது; கேட்டுப் பெறுங்கள். ஆனால் அந்த உதவிக்கு ஏற்கெனவே இரண்டு ஆண்டுகள் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். அடிக்கடி காண்ட்ராக்டர் மாறும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்தக் கணக்கு எங்கே நேராக வரும்? ரோஜாத் தோட்டங்களிலும் மாந்தோப்புகளிலும் கூலிக்குப் போகும் பெண்களில் பலர் ஈ.எஸ்.ஐ. அட்டையையே பார்த்ததில்லை. அவர்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் எந்த மருத்துவமனை அதை ஏற்கும் என்பதைச் சிகிச்சை தொடங்கும் முன்பே விசாரிக்க வேண்டும். கட்டணத்துக்காக நகையை அடகு வைத்த பிறகு விசாரிப்பவர்களே அதிகம்.

இத்தனை இருந்தும் ஓர் ஓட்டை அடைபடவில்லை. நோயாளிக்கு உதவி உண்டு. நோயாளியைக் கவனிப்பவருக்கு இல்லை. தாயைக் கதிர்வீச்சுக்கு அழைத்துப்போகும் மகன் இருக்கிற விடுப்பை எல்லாம் கரைத்துவிட்டு, பிறகு 'லாஸ் ஆஃப் பே'யில் போகிறான். ஒப்பந்தத் தொழிலாளி என்றால் வேலையே போகிறது. அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகுதியுள்ள தொழிலாளி பெற்றோரையோ துணைவரையோ பிள்ளையையோ கவனிக்க ஆண்டுக்கு 12 வாரம் விடுப்பு எடுக்கலாம். சம்பளம் கிடையாது, ஆனால் வேலை போகாது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் ஒரு வார விடுப்பு, அதுவும் சம்பளமில்லாமல். அவையும் போதுமானவை அல்ல என்று அங்கேயே குறை சொல்கிறார்கள். நம் தனியார் தொழிற்சாலைகளில் அந்த அளவு உரிமைகூட இல்லை.

எல்லை என்பதும் நம் பகுதிக்கே உரிய சுமை. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையால் பேருந்துகள் நின்றபோது, மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே நடந்ததைக் கண்டோம். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது, அதே சாலையைக் கடக்க அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. கதிர்வீச்சை நடுவில் நிறுத்தினால் பலன் குறையும் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. நோய் எல்லைக்கோட்டைப் பார்ப்பதில்லை, பேருந்து பார்க்கிறது.

நம்பிக்கை தரும் செய்தியும் நம் மாவட்டத்திலிருந்தே வருகிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்டது சூளகிரி ஒன்றியத்தின் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் திட்டம் என்றுதான் பலரும் அறிந்திருக்கிறார்கள். படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே வலிநிவாரணப் பராமரிப்பும் அதில் ஒரு பகுதி. கிராமச் செவிலியரிடம் பெயர் கொடுத்துக் கேட்க வேண்டும். பெங்களூரு மாரத்தஹள்ளியில் 'கருணாஸ்ரய' என்னும் இல்லம், குணப்படுத்த முடியாத நிலையை அடைந்த புற்றுநோயாளிகளை 1999 முதல் கட்டணம் வாங்காமல் பராமரிக்கிறது. அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதைக் 'கைவிடுதல்' என்று ஊரார் பேசுவார்களே என அஞ்சும் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது, வலியில்லாமல் இருக்கச் செய்வதும் மகனின் கடமைதான். மார்பின் மாத்திரை என்றதும் போதைப்பொருள் என்று பதறுவதும் தேவையற்றது. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் அது மருந்து.

கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993இல் சில மருத்துவர்கள் சிறிய அளவில் தொடங்கிய வலிநிவாரணப் பணி, பக்கத்து வீட்டுக்காரர்களையே தொண்டர்களாக்கி மாநிலம் முழுவதும் பரவியது. ஆசிரியர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், கல்லூரி மாணவர்கள் என்று யார் வேண்டுமானாலும் வாரத்தில் ஓரிரு மணி நேரம் பயிற்சியோடு தருகிறார்கள். நமக்கு அப்படியொரு அமைப்பைப் புதிதாகக் கட்ட வேண்டிய தேவைகூட இல்லை. அன்பியங்கள் இருக்கின்றன, மரியாயின் சேனை இருக்கிறது, வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது. நோயாளி வீட்டுக்குப் போய்ச் செபமாலை சொல்லி, ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்துவிட்டு வருவதை நாம் நன்றாகவே செய்கிறோம். அதன்பிறகு அந்த வீட்டுப் பாத்திரத்தைக் கழுவ யாரும் நிற்பதில்லை. வந்தவர்களுக்கு டீ போட்ட வேலையும் அந்த மருமகள் தலையில்தான்.

ஓசூரை ஒட்டிய ஓர் அன்பியத்தில் கண்டதைச் சொல்ல வேண்டும். தாய்க்குக் கதிர்வீச்சு தொடங்கியபோது, தலைவி ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நாள்களை எழுதினார். திங்கள் அன்று கூடப் போவது யார், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது யார், இரவுச் சாப்பாடு யார் வீட்டிலிருந்து என்று குறித்தார்கள். கன்னடம் நன்றாகப் பேசும் ஓர் இந்து சகோதரி, பக்கத்து வீட்டுக்காரர், செவ்வாயும் வியாழனும் தாமாகவே கேட்டுப் பெயர் எழுதிக்கொண்டார். அந்த வீட்டுச் சிறுமி மொழிபெயர்க்கப் போகாமல் பள்ளிக்கூடம் போனாள். மாற்கு நற்செய்தியில் முடக்குவாதமுற்றவரைக் கட்டிலோடு தூக்கி வந்த நால்வரும் அவருக்கு உறவினர்களா என்று சொல்லப்படவில்லை. ஒருவரோ இருவரோ அந்தக் கட்டிலைக் கூரைமேல் ஏற்றியிருக்க முடியாது என்பது மட்டும் தெரிகிறது.

நம் பங்குகளில் தொழிற்சாலைகளின் மனிதவளப் பிரிவில் வேலை செய்பவர்கள் பலர் உண்டு. சூப்பர்வைசர்கள் உண்டு, லேபர் காண்ட்ராக்டர்களும் உண்டு. ஞாயிறு திருப்பலியில் இவர்களுக்குப் பக்கத்திலேயே அந்த மகனும் அமர்ந்திருக்கிறான். விடுப்புச் சட்டம் வரும்போது வரட்டும். கதிர்வீச்சு நடக்கும் ஐந்து ஆறு வாரங்களுக்கு மட்டும் அவனுக்கு இரண்டாம் ஷிப்ட் தொடர்ந்து கிடைத்தால், காலையில் தாயைக் கூட்டிப்போய்விட்டு மதியம் வேலைக்கு வந்துவிடுவான். அந்தச் சீட்டில் கையெழுத்துப் போடும் அதிகாரம் இவர்களில் ஒருவரிடம் இன்றே இருக்கிறது.